கண்ணீருக்கு இருபது மதிப்பெண்

பிள்ளை நல்லவனாக இருப்பதால் இப்படியொரு இடைஞ்சல் வரும் என்று மைமூனுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

தேக்கா பசாரில் மீன் கடைகளுக்கு அடுத்த வரிசையில் அரைத்த மசாலா விற்பவள் அவள். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் விடிவதற்குள் அம்மியில் அரைத்து உருட்டி வைத்திருப்பாள். "மீன் குழம்புக்கு, நாலு பேருக்கு" என்று யாராவது கேட்டால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கிள்ளி இலையில் வைத்துக் கொடுப்பாள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து போய்ச் சேர்ந்த நாளிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றி வந்தது அந்த அம்மிதான். ஒரே மகன் முகம்மது யூசுப்புக்குப் பதினாறு வயது. ஜூரோங்கில் சதுப்பைத் தூர்த்துப் புதிதாக எழுப்பியிருந்த ஒரு பெரிய ஆலையில் வருஷக் கடைசியில் பயிற்சிக்குப் பையன்களை எடுக்கப்போவதாகச் செய்தி. பரீட்சை உண்டு, இங்கிலீஷும் கணக்கும். யூசுப் உள்ளே நுழைந்துவிட்டால் மைமூனின் கைக்கு ஓய்வு. அந்தக் கை இரவெல்லாம் எரியும். தண்ணீரில் வைத்தாலும் எரியும். மகனுக்கு ஜூரோங்கில் வேலை என்பதைத் தவிர அவள் ஆண்டவனிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

அதனால்தான், சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் மாலை வேளைகளில் இலவசமாக இங்கிலீஷும் கணக்கும் சொல்லித் தருகிறார்கள், பாலும் பன்னும்கூட உண்டு என்று மீன்காரர் பலகையைப் படித்துச் சொன்னதும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பலகையில் மன்றத்தின் பெயரும் இருந்தது. வழிதவறும் வாலிபர் வழிகாட்டு மன்றம். அதை மீன்காரர் படிக்கவில்லை. நீளமாக இருந்ததாம்.

மாடியில் செயலாளர் பூங்குன்றன் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் பக்கிரிசாமி. அதில் போதுமான தமிழ் இல்லையென்று அவரே திருத்திக்கொண்டுவிட்டார். மனிதர்களைத் திருத்தும் பழக்கம் அவருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

"பையன் என்ன தப்பு பண்றான்?" என்று கேட்டார்.

"தப்பு ஒண்ணும் பண்ண மாட்டாங்க ஐயா. தங்கமான புள்ள."

செயலாளர் பேனாவை மூடினார். "அப்ப நாங்க எப்படிம்மா அவனுக்கு உதவி செய்யறது?"

மைமூனுக்கு விளங்கவில்லை. செயலாளர் பொறுமைசாலி. வழிதவறும் பையன்களுக்காக நடத்தும் மன்றத்தில் வழிதவறாதவனைச் சேர்த்தால், உண்மையிலேயே வழிதவறுகிற ஒருவனின் இடம் பறிபோகும் என்று எடுத்துச் சொன்னார். பிறகு அவளுக்கு உதவ முயன்றார். சிகரெட்? தொடமாட்டான். சினிமா? பெருநாளைக்கு ஒன்று, அதுவும் அம்மாவோடு. கூட்டாளிகள்? கணக்கு கேட்க இரண்டு பையன்கள் வருவார்கள்.

"எதிர்த்துப் பேசுவானா?"

இவ்வளவு பெரிய மனிதர் இப்படித் திண்டாடுகிறாரே என்று மைமூனுக்குப் பாவமாக இருந்தது. "ஒருக்கா மீன் தலை வேணாம்னு தட்டத் தள்ளி விட்டான்" என்றாள்.

செயலாளரின் முகம் மலர்ந்தது. 'பெற்றோரை எதிர்க்கும் போக்கு. வன்முறையின் அரும்பு' என்று எழுதிக்கொண்டார். யூசுப் சேர்க்கப்பட்டான்.

மன்றம் தினமும் நாலு மணிக்குக் கூடும். முதலில் வாழ்த்துப் பாடல். பிறகு வரவேற்புரை. வரவேற்றவரைப் பாராட்டி இன்னொருவர் பேசுவார். பிறகு தலைவரின் தலைமையுரை. தலைவர் இரத்தினசபாபதிதான் கீழே இருந்த துணிக்கடையின் முதலாளி. வியாபாரம் மந்தமான நாட்களில் உரை நீளும். அதன் பிறகு பால், பன். கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கையில் எடுக்கும்போது நன்றியுரை தொடங்கிவிடும். முதல் நன்றி கணக்கு வாத்தியாருக்குத்தான். நாலு மாதத்தில் யூசுப் ஒரு பின்னக் கணக்குகூடப் போடவில்லை. ஆனால் ஒலிபெருக்கிக்கும் வாய்க்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கற்றுக்கொண்டான்.

"எனக்கு இளமை முதலே வழிதவறிய பிள்ளைகள் மீது தீராத பற்று" என்பார் தலைவர். "அவர்கள் இல்லையென்றால் நான் இன்று இந்த மேடையில் இல்லை. அரசாங்கம் என்னை அழைத்துப் பேசுவதும் அவர்களால்தான். ஆகவே, அன்பர்களே, அவர்களுடைய எண்ணிக்கை ஒருபோதும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் தலையாய கடமை!"

கைதட்டுவார்கள். பையன்களும் தட்டுவார்கள். தட்டாதவனுக்குப் பன் கிடையாது.

மன்றத்தின் உயிர்நாடி வருஷத்துக்கு ஒருமுறை வரும் விழா. அதற்குத் திருந்திய இளைஞர் சொற்போட்டி என்று பெயர். நம்மவர்களுக்குப் பேச்சுப்போட்டி இல்லாமல் எதுவும் நடக்காது. பையன் திருந்திவிட்டானா என்று பார்க்க, அவன் பின்னாலேயே சந்து சந்தாக அலைந்துகொண்டிருக்க முடியுமா? மேடையில் ஏற்றி, தன் பழைய குற்றங்களை அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால் தெரிந்துபோகும். குற்றத்தின் கனத்துக்கு நாற்பது மதிப்பெண். குரல்வளத்துக்கு இருபது. கண்ணீருக்கு இருபது. மன்றத்துக்கு நன்றி கூறும் பகுதிக்கு இருபது. மூன்று நடுவர்கள், நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி.

போட்டிக்கு முன்னால் தகுதிச் சுற்று நடந்தது. செயலாளர் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அன்று மைமூன் மகனை அழைத்துப்போக வந்தவள், மாடிப்படியில் ஒரு பையன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மாட்டுக்கொட்டகைச் சந்திலிருந்து வருகிற தாமோதரன். முகத்தில் ஒரு வெட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி?"

"என்னையப் போட்டியிலருந்து எடுத்துட்டாங்கம்மா. பேச்சு சரியில்லையாம்."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்ய, தாய் மனசு. நம் பிள்ளைக்குப் போட்டி ஒன்று குறைந்தது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் வந்தது.

கதவுக்குள் என்ன நடந்தது என்பது மைமூனுக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நாம் இப்போதே தெரிந்துகொள்வதில் தவறில்லை. அந்த மன்றத்துக்கு வந்தவர்களில் உண்மையான குண்டர் கும்பல் பையன் தாமோதரன் ஒருவன்தான். மற்றவர்கள் பாலுக்கு வந்தவர்கள். அவன் செயலாளர் முன்னால் நின்று சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "அண்ணே, ரோச்சோர் காவாப் பாலத்துக்குக் கீழ ஒருத்தன முதுகுல குத்திட்டேன். கத்திய மூணாவது கல்லுக்குள்ள சொருகி வச்சிருக்கேன். தூக்கம் வரல. என்ன பண்ணட்டும்?"

செயலாளர் கண்ணை மூடிக் கேட்டார். விஷயம் அருமை. சொன்ன விதம் படுமோசம். எதுகை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, கண்ணில் ஒரு சொட்டு இல்லை, மன்றத்துக்கு ஒரு நன்றி இல்லை. என்ன பண்ணட்டும் என்ற கேள்விக்குப் போட்டி விதிகளில் இடமே இல்லை. 'குற்றம் எடுபடவில்லை' என்று எழுதி அவனை வெளியே அனுப்பினார். ஆனால் நல்ல விஷயம் வீணாகிவிடக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். மன்றத்திலேயே நல்ல குரல் யூசுப்புடையது. அவனிடம் குற்றம்தான் இல்லை. தாமோதரனிடம் இருக்கிறது. இதற்கெல்லாம் பெரிய மூளை தேவையில்லை.

அன்றிரவு சோற்றில் கையை வைத்தபடி யூசுப் சொன்னான்: "அம்மா, நான் ஒரு ஆள கத்தியால குத்தினேன்னு பேசணுமாம்."

"யாரை?"

"யாரையுமில்ல. சும்மா. செயலாளர் எழுதித் தந்திருக்காரு. எனக்குப் புடிக்கல லா."

மைமூனுக்கும் முதலில் சுருக்கென்றது. ஆனால் விழாவுக்குத் தலைமை விருந்தினராக வரப்போகிறவர், ஜூரோங் ஆலையில் ஆளெடுக்கிற அதிகாரி. தலைவர்தான் அவரை வருந்தி அழைத்திருந்தார். ஆலைத் தொழிலாளர்களுக்குக் காக்கிச் சட்டை தைக்கும் வேலை யாருக்குப் போகப்போகிறது என்பதில் தலைவருக்கு ஓர் ஆர்வம். அந்த அதிகாரியின் கண்முன்னால் மகன் கோப்பை வாங்கினால்?

"பேசிட்டுப் போயேன் லா" என்றாள். "நாடகம்தானே. மேடையில ராஜா வேஷம் போட்டவனையெல்லாம் சிம்மாசனத்துல தூக்கியா வச்சாங்க? அந்த ஜூரோங் ஆளு உன்னப் பாக்கணும். அதுதான் முக்கியம்."

யூசுப் தாய் சொல்லைத் தட்டாதவன். அதுதான் அவனுக்கு எமனாக வந்தது. கண்ணீர் மட்டும் அவனுக்கு வரவில்லை. எத்தனையோ தரம் முயன்று பார்த்தான். கடைசியில் மைமூனே வழி கண்டுபிடித்தாள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தில் மிளகாய் விழுதை லேசாகத் தடவி உலர்த்திக் கொடுத்தாள். "நன்றி சொல்ற இடத்துக்கு முன்னால ஒருக்கா ஒத்திக்க. ரெண்டு தரம் ஒத்தாத, கண்ணு போயிரும்."

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. தலைமை விருந்தினருக்கு மாலை போட்டார்கள். தலைவருக்கு, தலைவரின் தம்பிக்கு, நடுவர்களுக்கு எல்லாம் போட்டார்கள். நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒருவர் தலைவரின் சம்பந்தி, ஒருவர் வட்டாரக் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர். அவரும் நம்மவர்தான், தமிழார்வலர்.

முதல் பையன் ஒரு சைக்கிள் திருடியதாகச் சொன்னான். அடுத்தவன் மூன்று சைக்கிள் என்றான். அதற்கடுத்தவன் ஒரு பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லித் தேம்பினான். அவன் காலுக்கு பிரேக் எட்டாது. தமிழாசிரியர் அதிருப்தியோடு தலையாட்டினார். "போன வருஷமும் திருட்டு, இந்த வருஷமும் திருட்டு. நம்ம பசங்க தரம் வரவரக் குறைஞ்சுகிட்டே போகுது."

பிறகு யூசுப் வந்தான்.

"கனிவோடு பெற்றாள் தாய், கயவனாய் வளர்ந்தேன் நான்! ரோச்சோர் கால்வாயே, நீ சாட்சி! பாலத்தின் அடியில் பதுங்கி நின்றேன். பாவி நான், ஒருவன் முதுகில் பாய்ச்சினேன்! குருதி குடித்த என் கத்தி, மூன்றாம் கல்லின் அடியில் இன்றும் உறங்குகிறது! உறக்கம் இழந்தவன் நான் மட்டுமே!"

மைமூனுக்கே உடம்பு சிலிர்த்தது. யூசுப் கைக்குட்டையை எடுத்து ஒத்தினான். கண்ணீர் கொட்டியது. பதற்றத்தில் இரண்டாம் தரமும் ஒத்திவிட்டான். பிறகு ஒன்றும் தெரியாமல் ஒலிபெருக்கியைத் தடவிப் பிடித்துக்கொண்டு, தன்னைக் கைதூக்கிவிட்ட மன்றத்துக்கு நன்றி சொன்னான். ஜூரோங் அதிகாரி மூக்கைச் சிந்தினார். இன்ஸ்பெக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போல மூன்றாம் கல் என்பதை எழுதிவைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் புதிதாகத் தாயின் சான்று என்று ஓர் அங்கம் சேர்த்திருந்தார்கள். மைமூனை மேடைக்கு அழைத்தார்கள். தலைவர் ஒலிபெருக்கியை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"அன்னையே, உங்கள் மகன் கூறியதெல்லாம் உண்மைதானா?"

மைமூன் மண்டபத்தைப் பார்த்தாள். ஜூரோங் அதிகாரியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், சொல்லுங்கள் என்பதுபோல. இந்த ஒரு வார்த்தைதான் தடை, தாண்டிவிட்டால் மகன் அக்கரை சேர்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"உண்மைதாங்க" என்றாள். கைதட்டல் எழுந்தது. அது போதவில்லையோ என்று பயந்து, "அதுக்கு மேலயும் செஞ்சிருக்கான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

மண்டபமே எழுந்து நின்றது. கோப்பை யூசுப்புக்கு.

விழா முடிந்ததும் மைமூன் கோப்பையும் மகனுமாக ஜூரோங் அதிகாரியிடம் போனாள். அவர் யூசுப்பின் தோளைத் தட்டினார். "பிரமாதம் தம்பி. மனச உலுக்கிட்ட. வாழ்க்கையில நீ நல்லா வருவ." பிறகு மைமூனிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஆலைக்கு வேணாம்மா. அங்க எங்க பார்த்தாலும் கூர்மையான சாமான். மத்த பிள்ளைங்க பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும், இல்லையா?" தலைவர் பக்கம் திரும்பி, "பழசு ஒண்ணும் இல்லாத பையன் உங்ககிட்ட யாராச்சும் இருக்கானா? உங்களுக்காக ஒருத்தன எடுத்துக்கறேன்" என்றார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். குற்றமே இல்லாதவனை மன்றத்தில் தேடுவது கொஞ்சம் சங்கடம்தான். செயலாளர் யோசித்துவிட்டு, "ஒருத்தன் இருக்கான். தாமோதரன். தகுதிச் சுற்றுலயே அவன்கிட்ட குற்றம் ஒண்ணும் எடுபடல" என்றார்.

மறுவாரம் தாமோதரன் ஜூரோங்குக்குப் போனான். தலைவருக்குக் காக்கிச் சட்டை கிடைத்தது.

யூசுப்பைக் கூட்டிப்போகப் போலீஸ் மாத்தாக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். பாலத்துக்குக் கீழே மூன்றாவது கல்லைப் புரட்டியதில் கத்தி கிடைத்துவிட்டது. குத்துப்பட்டவன் பிழைத்திருந்தான், குத்தியவன் முகத்தைத்தான் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த வழக்கு. அதை முடித்துவைத்ததற்காக இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது. கும்பல்காரன் என்று தெரிந்தால் வழக்கு நடத்தாமலே உள்ளே வைக்கச் சட்டம் இருந்த காலம் அது. யூசுப் உள்ளே போனான்.

"எனக்கு எழுதிக் கொடுத்தாங்க" என்று அவன் சொன்னதை விசாரிக்கச் செயலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்: "மன்றம் பேச்சுக்கு மெருகு மட்டும்தான் கொடுக்கும். குற்றம் அவங்கவங்க சொந்தப் படைப்பு. விதியிலேயே இருக்கு."

மைமூன் காவல் நிலையத்துத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மகன் ஒன்றும் செய்யவில்லை, பேச்சு பொய், கண்ணீர் பொய், தான் சொன்ன சான்றும் பொய் என்று மார்பில் அடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் இரக்கமுள்ளவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"அம்மா, என் சர்வீஸ்ல எத்தனையோ தாய்மாரப் பார்த்துட்டேன். அத்தனை பேரும் 'எம் புள்ள நல்லவன்'னுதான் சொல்லுவாங்க. ஊர் முன்னாடி உண்மையச் சொன்ன ஒரே தாய் நீங்கதான். அந்தப் பேரக் கெடுத்துக்காதீங்க."

மன்றம் அவசரக் கூட்டம் போட்டது. தலைவர் நெகிழ்ந்து பேசினார். "நம் மாணவன் ஒருவன் சிறை சென்றிருக்கிறான். சிலர் இதைக் களங்கம் என்பார்கள். நான் பெருமை என்பேன்! மற்ற மன்றங்களில் சொல்லப்படும் குற்றங்களைப் பற்றி நான் எதுவும் கூற விரும்பவில்லை. ஆனால் நம் மேடையில் சொல்லப்படும் குற்றங்கள் அசல் என்பதற்கு அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது!" கோப்பையைத் திருப்பிக் கேட்பதில்லை என்று பெருந்தன்மையோடு தீர்மானம் நிறைவேறியது.

மைமூன் மறுபடி அம்மிக்குப் போனாள். வேறு என்ன செய்வாள்? அனுமதித்த நாட்களில் மகனைப் பார்க்கப் போவாள். அவன் அவளைக் குறைசொல்லவில்லை. குறைசொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருக்கும். பாவி நான்தானே தள்ளிவிட்டேன் என்று தெருவில் வாய்விட்டு அழுதுகொண்டே திரும்பிவருவாள்.

ஒருநாள் காலை, காக்கிச் சட்டை போட்ட ஒருவன் அவள் கடை முன்னால் வந்து நின்றான். வாங்கவும் இல்லை, போகவும் இல்லை.

"என்ன வேணும் தம்பி?"

"நான்தாம்மா அது" என்றான் தாமோதரன். "பாலத்துக்குக் கீழ. நான்தான் குத்தினேன். யூசுப் இல்ல. மன்றத்துல சொன்னேன், அவங்க எடுத்துக்கல. எனக்கு இன்னும் தூக்கம் வரல."

மைமூனுக்கு அம்மிக் குழவியைத் தூக்கி அவன் தலையில் போட்டுவிடலாம் என்று வந்தது. போடவில்லை. அவன் மணிக்கட்டை இறுகப் பற்றி, கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவனும் இழுத்த இழுப்புக்கு வந்தான். யா அல்லா, கண்ணைத் திறந்துவிட்டாயே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பையன் மன்றத்துப் பெயரைச் சொன்னதால், முறைப்படி செயலாளருக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

"சொல்லு தம்பி" என்றார் செயலாளர், பழைய ஆதரவோடு.

"ரோச்சோர் காவாப் பாலத்துக்குக் கீழ ஒருத்தன முதுகுல குத்திட்டேன். கத்திய மூணாவது கல்லுக்குள்ள சொருகி வச்சேன்."

செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். "தகுதிச் சுற்றுலயும் இதையேதான் சொன்னான். கொஞ்சமும் முன்னேற்றம் இல்ல."

"ஐயா, மூணாவது கல்லுன்னு அவன் எப்படிச் சொல்றான், கேளுங்க!" என்று கத்தினாள் மைமூன்.

"அது ஊருக்கே தெரியும்லா" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க மகன் மேடையில சொன்னதுதானே. அவன் சொன்னப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா. இவன் சொல்றப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. இத்தனை வருஷ சர்வீஸ்ல உண்மை எது, ஒப்பிக்கறது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மைமூன் தாமோதரனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அழுடா! அழுது சொல்லுடா! உன் காலப் புடிக்கிறேன், அழுதாச்சும் சொல்லு!" அவன் விழித்துக்கொண்டு நின்றான். அழுகை வரவில்லை. நடந்ததை அவன் சொல்லியாயிற்று. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஜூரோங் பஸ் போயிடப் போவுது. வேலைக்குப் போப்பா" என்று இன்ஸ்பெக்டர் அவனை அனுப்பிவைத்தார்.

வாசல்வரை வந்த செயலாளருக்கு மைமூனைப் பார்க்க மனம் இளகிவிட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அவரை யாராவது திருத்தியிருப்பார்கள்.

"மனச விடாதீங்கம்மா" என்றார். "விஷயம் நல்ல விஷயம்தான், நான் இல்லைன்னு சொல்லல. பையனுக்குப் பயிற்சிதான் போதாது. அடுத்த போட்டிக்கு இன்னும் நாள் இருக்கு. நீங்க கூட இருந்து பழக்குங்க. மேடையில எடுபட்டுச்சுன்னா, இன்ஸ்பெக்டரும் நடுவராத்தான் உக்காந்திருப்பாரு, அவரே கேட்டுக்குவாரு."

மைமூன் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டி எந்த மாசங்க ஐயா?" என்று கேட்டாள்.